அக்கா வீட்டுச் சத்தம்

என் அக்காவைப் போலச் சத்தம் போடுகிற பெண்ணை நான் பார்த்ததில்லை. பிறவியிலேயே காது கேட்காதவள் என்று சொன்னால், மௌனமே உருவாக ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள் என்று எல்லோரும் கற்பனை செய்துகொள்கிறார்கள். அவர்களை ஒரு காலை நேரம் அவள் அடுப்படியில் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும். பாத்திரத்தை வைக்க மாட்டாள், போடுவாள். கதவைச் சாத்த மாட்டாள், அறைவாள். அவள் நாற்காலியை இழுத்தால் தெருக்கோடி வரை கேட்கும். நானும் அவளும் ஒரே அறையில் படித்து வளர்ந்தவர்கள். அதாவது, நான் படிக்க முயன்றேன். பரீட்சைக் காலத்தில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவள் எனக்கு மூத்தவள். ஆனால் எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அவளுக்குக் காதும் நான்தான், வாயும் நான்தான். கடைக்குப் போனால் நான் வேண்டும். டாக்டரிடம் போனால் நான் வேண்டும். பள்ளிக்கூடத்தில் அவள் ஆசிரியையின் கையைக் கடித்துவைத்தபோது சமாதானம் பேசப் போனதும் நான்தான், அப்போது எனக்குப் பல் விழுந்த வயது. கையால் சைகை காட்டிப் பேசும் எங்கள் கைப்பேச்சில் ஆளுக்கொரு பெயர் உண்டு. ஏதாவது ஓர் அடையாளத்தைப் பிடித்து அதையே பெயராக வைத்துவிடுவார்கள். எனக்கு அக்கா வைத்த பெயர், ஐந்து விரலையும் குவித்துக் குவித்துத் திறப்பது. வாயாடி என்று அர்த்தம். பலமுறை சண்டை போட்டு மாற்றச் சொல்லியிருக்கிறேன். "மாத்தற மாதிரி நடந்துக்கோ, மாத்தறேன்" என்று கையாலேயே அலட்சியமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

அவளுக்கு ஒரு குரலும் இருந்தது. ஊமை என்று யாராவது அவளைச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் தொண்டையில் எந்தக் குறையும் இல்லை. சிரித்தால், அழுதால், கோபம் வந்தால் குரல் வரும். தன் குரலைத் தானே ஒருமுறைகூடக் கேட்டிராதவளின் குரல் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். கனமான பீரோவைத் தரையில் இழுக்கிற மாதிரி ஆரம்பித்து, எதிர்பாராத இடத்தில் கீச்சென்று மேலே ஏறும். வீட்டில் எங்களுக்குப் பழகிவிட்டது. வெளியாட்கள் வந்தால் மட்டும் அம்மா தன் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டுவாள். அக்கா உடனே வாயை மூடிக்கொள்வாள். ஏன் என்று அவள் கேட்டதில்லை. பெரியவர்கள் முன்னால் கால்மேல் கால் போடக் கூடாது என்பது மாதிரி இதுவும் ஒரு மரியாதை என்று எடுத்துக்கொண்டாள்.

வளர்ந்த பிறகு அவளுக்கு வேலை கிடைத்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத நீளமான கூடம். சுவரோரம் ஆளுயர மெஷின்கள், நடுவில் நீராவியில் சுடும் இரும்பு உருளை. ஈரமான படுக்கை விரிப்பை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உருளைக்குள் ஊட்ட வேண்டும். மறுபக்கம் மொடமொடவென்று காய்ந்து வருவதை இன்னும் இரண்டு பெண்கள் வாங்கி மடிக்க வேண்டும். அந்த இரைச்சலில் காது கேட்கிறவர்களுக்கும் ஒன்றும் கேட்காது. தொண்டை கிழியக் கத்திப் பார்த்து அலுத்துப்போய், மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக அக்காவிடம் கைப்பேச்சு கற்றுக்கொண்டார்கள். கொஞ்ச காலத்தில் கூடம் முழுக்க அவள் பாஷைதான். மேற்பார்வையாளரின் தொப்பையை அவர் கண்ணெதிரிலேயே அலசிக் காயப்போட்டார்கள். அந்த மனிதர் இவர்கள் கைவலிக்கு ஏதோ உடற்பயிற்சி செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பையைக் கொடுக்கப் போனேன். அவள் உருளையின் தலைமாட்டில் நின்று ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள், அத்தனை பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளும் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தக் குரல் யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை. அன்றைக்கு அவள் அவ்வளவு அழகாக இருந்தாள்.

கல்யாணத்தையும் அவளே பார்த்துக்கொண்டாள். காது கேளாதோர் பள்ளியில் அவளுக்கு மேல் வகுப்பில் படித்தவர், மர அறுவைப் பட்டறையில் வேலை. மாமாவுக்கும் பிறவியிலிருந்தே கேட்காது. இரண்டு பேரும் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டில் குடியேறினார்கள். வீட்டுக்காரருக்குக் காது மந்தம், அது அவர்கள் செய்த புண்ணியம். கீழே குடியிருந்த தையல்காரருக்குத்தான் கெட்ட காலம் பிடித்தது. துடைப்பக்கட்டையால் மேற்கூரையைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோய், கடைசியில் நான் பில் போடும் மருந்துக்கடைக்கே வந்துவிட்டார்.

"உங்க அக்கா வீட்ல எந்நேரமும் யாரோ கல்லை உருட்டறாங்கம்மா. நான் தட்டினாலும் நிறுத்த மாட்டேங்கறாங்க."

"நீங்க தட்டறது அவங்களுக்குக் கேக்காதுங்க" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று சொல்லி, தலைவலி மாத்திரை ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு குட்டி பிறந்தாள். அவளுக்கும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அக்காவின் கட்டிலருகே நின்று நான் அழுதேன். அக்கா என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, கட்டிலில் கிடந்த குழந்தையைக் காட்டி, "எதுக்கு அழறே? நம்ம ஆளுடி இவ" என்றாள். மனசாரச் சொன்னாள். அதுவரை அவளுக்கு உலகத்தில் முழுசாகச் சொந்தம் என்று மாமாவைத் தவிர யாரும் இல்லை. நானும் சொந்தம்தான், ஆனால் நான் வெளியூர்க்காரி மாதிரி, பாஷை தெரிந்த வெளியூர்க்காரி.

அந்த வீட்டில் அவர்கள் மூன்று பேரும் வாழ்ந்ததைப் பார்க்கக் கண் போதாது. குட்டி நடக்கிறதற்கு முன்பே கையால் பேசினாள். நாலு வயதில் பொய் சொன்னாள், பேரம் பேசினாள், அப்பாவைப் போல நடித்துக்காட்டினாள். கூப்பிட வேண்டுமென்றால் தரையை உதைப்பார்கள், அல்லது விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார்கள். தூங்கவைக்கும்போது அக்கா அவளை மார்மேல் போட்டுக்கொண்டு குரல் கொடுப்பாள். உதட்டில் விரல் வைக்க அங்கே யாரும் இல்லை. குட்டி தன் உள்ளங்கையை அம்மாவின் தொண்டைக்குழியில் பதித்துக்கொண்டு, அது அதிர்வதை உணர்ந்துகொண்டே தூங்கிப்போவாள். கை நழுவினால் முழித்துக்கொண்டு மறுபடியும் தேடி வைப்பாள். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனாலும் அந்தக் குழந்தை தூங்குகிற அழகுக்காக உட்கார்ந்திருப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் அக்கா வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு சிகிச்சை வந்திருக்கிறது என்று கூப்பிட்டார்கள். மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா பொறுமைசாலி, என்னையும் அக்காவையும் மாமாவையும் உட்காரவைத்து, நான் கையால் சொல்லி முடிக்கிறவரை நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"இவங்க மூணு பேருக்கும் ஒரே மரபணுலதான் கோளாறு. உள்காதுல சத்தத்தை வாங்கற செல்லு நல்லாவே இருக்கு. வாங்கினதை நரம்புக்கு எடுத்துக் குடுக்க ஒரு புரதம் வேணும், அது இல்லை. சமையல் ஆயிடுச்சு, பரிமாற ஆளில்லை. அவ்வளவுதான்."

இரண்டு பேருக்கும் ஒரே கோளாறு என்றதும் மாமா அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தார். வேறெதில் ஒத்துப்போகிறார்களோ இல்லையோ, இதில் அப்படி ஒரு பொருத்தம்.

"நல்ல மரபணுவை உள்ள கொண்டுபோய்ச் சேர்க்க, நோய் உண்டாக்காத ஒரு வைரஸை வண்டியா வெச்சுக்கறோம்" என்றார் டாக்டரம்மா. "இந்த மரபணு பெரிசு, ஒரு வண்டில அடங்காது. அதனால பாதிப் பாதியா ரெண்டுல அனுப்பறோம். உள்ள போனதும் ரெண்டும் ஒண்ணு சேர்ந்துக்கும்."

நான் இதைக் கையால் சொல்லத் திணறினேன். அக்காவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "பெரிய விரிப்பு மாதிரி. ஒருத்தியால தூக்க முடியாது" என்றாள்.

பெரியவர்களுக்கு இங்கே அது கொடுப்பதில்லை, குழந்தைகளுக்கு மட்டும்தான், அதுவும் பேச்சு கற்றுக்கொள்கிற வயது தாண்டுவதற்குள் என்றார். எல்லாக் காது கேளாதவர்களுக்கும் இது உதவாது, இந்த ஒரு மரபணுவுக்குத்தான் என்றார். மாமா அங்கேயே தலையாட்டிவிட்டார். அக்கா மாட்டேன் என்றாள்.

"இவளுக்கு என்ன குறைச்சல்? சொல்லு, என்ன குறைச்சல்?" என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னைக் கேட்டாள். பேருந்தில் எல்லோரும் எங்கள் கைகளைப் பார்த்தார்கள்.

"ஒரு குறைச்சலும் இல்லக்கா. ஆனா கேட்டா நல்லதுதானே."

"உனக்குக் கேக்குது. நீ என்ன நல்லா இருக்கே?" என்று கேட்டாள். அவளோடு வாதம் பண்ணி ஜெயித்தவர்கள் கிடையாது.

அவள் மனசு மாறியது சலவைக்கூடத்தில். ஒருநாள் மதியம் அங்கே ஆபத்து மணி அடித்திருக்கிறது. ஏதோ ஒயர் கருகிப் புகை வந்ததாம். அக்கா உள் அறையில் தனியாகத் துண்டு மடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எல்லோரும் அலறியடித்துக்கொண்டு மேலே ஓடிவிட்டார்கள். அவள் மடித்துக்கொண்டே இருந்தாள். மேலே போய் நின்ற பிறகுதான் யாருக்கோ ஞாபகம் வந்து, காவலாளி வந்து அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண்கள் அழுது மன்னிப்புக் கேட்டார்கள். அக்கா அவர்களைத் திட்டவில்லை, பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அவங்கள்லாம் என் ஆளுங்கடி" என்றாள் என்னிடம். "என்கிட்ட பேசக் கத்துக்கிட்டவங்க. அவங்களுக்கே நான் மறந்துபோயிட்டேன். குட்டியை யாரும் இப்படி மறக்கக் கூடாது." மறுநாள் போய்ச் சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு காதிலும் மருந்து செலுத்தினார்கள். குட்டி காதில் பஞ்சோடு வீட்டுக்கு வந்தாள். உடனே கேட்காது, வாரக்கணக்கில் ஆகும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். யார் கேட்டார்கள்? மாமா தினமும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தார். அக்கா தட்டைக் கரண்டியால் அடித்துப் பார்த்தாள். குட்டி தன்பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தாள். நானும் தட்டிப் பார்த்தேன். இந்த வீட்டில் எது கேட்டாலும் கேட்காவிட்டாலும் கீழே தையல்காரருக்குக் கேட்டிருக்கும்.

பிறகு ஒரு வாரம் குட்டி அழ ஆரம்பித்தாள். காரணமே தெரியவில்லை. அம்மா அடுப்படிக்குள் போனால் அழுவாள். சாப்பிட உட்கார்ந்தால் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடுவாள். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு வர மறுப்பாள். "வலிக்குதா?" என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள், அது ஆமாவா இல்லையா என்று தெரியாது. வலி அவளுக்குத் தெரியும், இது என்னவென்று சொல்ல அவளிடம் சைகை இல்லை. மருந்து காதைக் கெடுத்துவிட்டது என்று அக்கா முடிவே கட்டிவிட்டாள். மாமாவோடு பேசுவதை நிறுத்தினாள். என்னைப் பார்த்த பார்வையில் நானும் அந்தக் குற்றத்தில் கூட்டு என்று இருந்தது.

டாக்டரம்மா உடனே வரச் சொன்னார். வெளிச் சத்தம் உள்ளே வராத சின்ன அறையில் குட்டியை உட்காரவைத்து, மெல்லிய ஒலியிலிருந்து ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். குட்டி ஒவ்வொரு முறையும் திரும்பினாள். அழவே இல்லை. சாதாரணப் பேச்சுச் சத்தம் அவளுக்குக் கேட்கிறது என்று டாக்டரம்மா சொன்னதும் நான் அதைக் கையால் இரண்டு பேருக்கும் சொன்னேன். மாமா குட்டியைத் தூக்கிச் சுற்றினார்.

"அப்போ ஏன் அழறா?" என்று அக்கா கேட்டாள். டாக்டரம்மாவுக்கும் தெரியவில்லை. என் வீட்டில் வைத்துக்கொண்டால் குட்டி சமர்த்தாக இருந்தாள். அக்கா வீட்டு மாடிப்படியில் கால் வைத்ததும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தன் பிள்ளைக்குத் தன்னைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது என்று அக்கா நினைத்தாள்.

அன்று சாயங்காலம் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வீட்டின் நடுவில் நின்றேன். எத்தனையோ வருஷமாக வந்துபோகும் வீடு. அன்றைக்குத்தான் அந்த வீட்டைக் காதால் கேட்டேன். மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. குழாய் சரியாக மூடாமல் தகர வாளியில் கொட்டிக்கொண்டிருந்தது. டிவி உச்சபட்சச் சத்தத்தில் அலறியது. யாரோ எப்போதோ ரிமோட்டின் மேல் உட்கார்ந்திருப்பார்கள், அதற்குப் பிறகு அது அப்படியே இருந்திருக்கிறது. மாமா காலால் ஸ்டூலைத் தள்ளினார். குக்கர் விசில் அடித்தது. அக்கா தட்டுகளை அடுக்கிலிருந்து உருவி மேடைமேல் போட்டாள். குட்டி நடுங்கினாள்.

"அக்கா, மருந்து ஒண்ணும் பண்ணலை. உன் வீடுதான்" என்றேன். "உன் வீடு ரொம்பச் சத்தம் போடுது."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மாமா சிரித்துவிட்டார், அவளும் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் வீட்டில் ஒவ்வொன்றாகத் தொட்டு என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். இது? இது? மின்விசிறி சத்தம் போடுமா? போடும். கதவு? போடும். சுவிட்ச்? கொஞ்சம். செருப்பு? ஆமாம். தண்ணீரா? தண்ணீர்கூடவா? ஆமாம். விளக்கு எரிவது? இல்லை. மாமா ஒரு பழத்தைக் கடித்துக்காட்டி, "இதுவும் சத்தமா?" என்றார். "நீங்க சாப்பிடறது கீழ்வீடு வரைக்கும் கேக்கும் மாமா" என்றேன். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள், டிவி அலறலில் அந்தக் குரல் அமுங்கிப்போனது.

மறுநாளிலிருந்து அவள் அந்த வீட்டைச் சத்தமில்லாமல் ஆக்கும் வேலையில் இறங்கினாள். சலவைக்கூடத்தில் கழித்துப்போட்ட துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்து அடுக்குக்கு அடியில் விரித்தாள். நாற்காலிக் கால்களுக்குத் துணி கட்டினாள். மாமா கதவுச் சட்டத்தில் ரப்பர் ஒட்டினார், மின்விசிறியைக் கழற்றி மாட்டினார். பாத்திரத்தைக் கீழே வைக்கும்போது அக்கா குட்டியின் முகத்தையே பார்ப்பாள். அந்த முகம் சுளித்தால் சத்தம், சுளிக்காவிட்டால் இல்லை. அதைத் தவிர அவளுக்கு வேறு அளவுகோல் கிடையாது. குளிர்பெட்டியைத் திறப்பதற்குக்கூடத் திருடி மாதிரி நடப்பாள். குட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். மெல்ல மெல்ல என் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்பதையும் குறைத்தாள்.

எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுக் கேட்டவள், தன்னை மட்டும் கேட்கவில்லை. அவளுக்குத் தோன்றவே இல்லை. குரல் என்பது அவளுக்குத் தொண்டையில் ஓர் அதிர்வு, குழந்தையின் உள்ளங்கைக்கு ஒரு தாலாட்டு. அது காற்றில் வெளியே போகிறது என்று அவள் எப்படி நினைப்பாள்?

குட்டிக்கு ஒருநாள் காய்ச்சல். நான் மாத்திரை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். சாயங்கால வெயில் கட்டில்மேல் கிடந்தது. காது நன்றாக ஆறட்டும் என்று அவ்வளவு நாளாக அவளைத் தனியாகவே படுக்கவைத்துக்கொண்டிருந்த அக்கா, அன்றைக்கு மனசு கேட்காமல் தூக்கி மார்மேல் போட்டுக்கொண்டாள். முதுகைத் தடவிக்கொண்டே, பழைய மாதிரி குரல் கொடுக்க ஆரம்பித்தாள்.

குட்டி விலுக்கென்று தலையைத் தூக்கினாள். எங்கிருந்து வருகிறது என்று சுற்றிலும் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா சிரித்துக்கொண்டே, கண்ணை மூடியபடி, அந்தச் சத்தத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குட்டி கையை எடுத்து அம்மாவின் வாயைப் பொத்தினாள். "சத்தம்" என்று இன்னொரு கையால் சொன்னாள். "வேணாம்மா. சத்தம்." அந்தச் சைகையை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே அக்காதான்.

அக்கா பிள்ளையின் கையை மெல்ல விலக்கினாள். என்னைப் பார்த்தாள்.

"இதுவுமா?" என்றாள், தன் தொண்டையைத் தொட்டு.

கைப்பேச்சில் முகமும் பேச்சுதான். வாயால் எவ்வளவு பெரிய பொய்யும் சொல்லிவிடலாம், முகத்தால் சொல்ல எனக்கு வராது. நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே அவள் படித்துவிட்டாள்.

"உனக்கும் கேக்குமா? அப்போலேர்ந்தா?"

"ஆமாக்கா."

"நல்லா இருக்காதா?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. "அதுக்குத்தான் அம்மா வாயில விரல் வெச்சுக் காட்டுவாளா?" என்று கேட்டாள். பிறகு, "எனக்கு யாரும் சொல்லலியே" என்றாள். அவளிடம் அதற்குமுன் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

அதோடு அவள் குரலை நிறுத்திவிட்டாள். வீட்டில் குட்டி தடுக்கி விழுந்தால் ஓடிப்போய்த் தூக்குவாள், வாய் திறக்காது. சலவைக்கூடத்திலும் வாயைத் திறந்து சிரிப்பதில்லை என்று அவளோடு வேலை பார்ப்பவள் ஒருத்தி மருந்துக்கடையில் என்னிடம் சொன்னாள். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று நான் அக்காவோடு சண்டை போட்டேன். "எனக்கு எங்க கேக்கும், எங்க கேக்காதுன்னு எப்படித் தெரியும்?" என்றாள். தூங்கும்போது ஒரு கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு தூங்கினாள், குரல் வந்தால் விரலுக்குத் தெரிந்து முழிப்பு வந்துவிடும் என்று. தையல்காரர் ஒருநாள் என்னை வழிமறித்து, "உங்க அக்கா காலி பண்ணிட்டாங்களாம்மா? மேல சத்தமே இல்லையே" என்று விசாரித்தார். பாவம், அவருக்கே என்னவோ போல் ஆகிவிட்டிருக்கிறது.

இதற்கிடையில் குட்டிக்குப் பேச்சு வந்தது. முதலில் ஒற்றை ஒற்றை வார்த்தையாக வந்தது. பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுப்பதை என் வீட்டில் வந்து ஒப்பிப்பாள். அம்மா என்று சொல்ல வந்த அன்றைக்கு அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று, "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் கூப்பிட்டால் எல்லோரும் திரும்புகிறார்கள், இவள் ஏன் திரும்பவில்லை என்று குட்டிக்குக் கோபம். கடைசியில் காலால் தரையை உதைத்தாள், அக்கா திரும்பினாள். உன்னை அம்மா என்று கூப்பிட்டாள் என்று நான் சொன்னதும், மறுபடியும் சொல்லச் சொல்லி, குட்டியின் உதடுகளில் விரலை வைத்துப் பார்த்தாள். திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள். குட்டி அலுத்துப்போய், விளையாட ஓடிவிட்டாள்.

சமீபத்தில் மறுபரிசோதனைக்குப் போயிருந்தோம். எல்லாம் பிரமாதமாக இருக்கிறது என்று டாக்டரம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. குட்டி சுழல் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள். "வேற ஏதாவது கேக்கணுமான்னு உங்க அக்காகிட்ட கேளுங்க" என்றார்.

கேட்டேன். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ரொம்ப நாளாக யோசித்துவைத்திருப்பாள் போல, கைகள் தயங்காமல் வந்தன.

"தொண்டைல இருக்கற சத்தத்தை எடுத்துட முடியுமான்னு கேளு."

நான் புரியாத மாதிரி அவளையே பார்த்தேன்.

"காதுக்குள்ள அவ்வளவு சின்ன இடத்துல வேலை பண்றாங்க. தொண்டை பெரிசுதானே? ஏதாவது ஆபரேஷன் இருக்கும். தூங்கும்போது வந்துடுது, தும்மினா வந்துடுது. எவ்வளவு பிடிச்சு வெச்சாலும் முடியலை. போன வாரம் என்னை அறியாம வந்து, குட்டி தூக்கத்துல பயந்து எழுந்துட்டா. எடுத்துட்டா நிம்மதியா அவளைப் பக்கத்துல போட்டுக்குவேன்."

"பைத்தியம் பிடிச்சிருக்கா உனக்கு? இதையெல்லாம் நான் கேக்க மாட்டேன்."

"உன்னைச் சண்டை போடவா கூட்டிட்டு வந்தேன்? கேளுடி."

"என்ன கேக்கறாங்க?" என்றார் டாக்டரம்மா. வாயைத் திறந்தேன். அக்காவுக்காக எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன். இதைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

நாற்காலி நின்றது. எங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்த குட்டி டாக்டரம்மாவின் பக்கம் திரும்பி, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்துச் சொன்னாள்:

"அம்மாக்கு சத்தம் வேணாமாம். எடுத்துடணுமாம்."

"கேட்டீங்களா! எவ்வளவு அழகா, முழுசா சொல்லிட்டா!" என்று டாக்டரம்மா பலமாகக் கைதட்டினார். குழந்தை சொன்னது என்னவென்று அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது. கைகள் அப்படியே நின்றுவிட்டன. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அக்காவுக்குத் தெரிந்தது கைதட்டல் மட்டும்தான். அவள் முகம் மலர்ந்துவிட்டது. குட்டியை இழுத்து அணைத்துக்கொண்டாள். என் தோளைத் தட்டி, "என்ன சொன்னா? நல்லா சொன்னாளா?" என்று கேட்டாள்.

"நல்லா சொன்னாக்கா."

"டாக்டருக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

அக்கா உள்ளங்கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, இப்போ நான் சொன்னதைக் கேளு" என்றாள்.